புறங்காலில் ஒரு புண்

"சுடுதண்ணி பட்டுருச்சும்மா" என்றான் நல்லகாமன்.

டாக்டர் ரெங்கம்மாள் காசிமாயனின் வலது புறங்காலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். எட்டணா அகலத்துக்கு வட்டமாக ஒரு புண். ஓரம் கறுத்து, நடுவில் குழி விழுந்திருந்தது.

"சுடுதண்ணின்னா வழிஞ்சு ஓடியிருக்கும்ப்பா. இது ஒரே இடத்துல நின்னு எரிஞ்சிருக்கு. என்ன பண்ணுனீங்க?"

நல்லகாமன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மேசையில் கிடந்த தம்பி காசிமாயன் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். போன பங்குனியில் புளி உலுக்க மரத்தில் ஏறி, கிளை முறிந்து விழுந்தவன் அவன். முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. இன்று உசிலம்பட்டியில் பஸ் ஏற்றி, மதுரையில் இறக்கி, இந்த ஆஸ்பத்திரி வரைக்கும் அவனை முதுகில் சுமந்து வந்தவன் நல்லகாமன்தான்.

"காரணம் தெரிஞ்சாத்தான் நான் வைத்தியம் பாக்க முடியும்."

"சூடந்தாம்மா" என்றான் தாழ்ந்த குரலில். "நாந்தான் வச்சேன்."

ரெங்கம்மாள் நிமிர்ந்தார்.

"விழுந்ததுலருந்து கால் எரியுது, கங்கு மேல நிக்கிற மாதிரி இருக்குன்னு ஓயாம அனத்துறான்மா. கிள்ளுனாத் தெரியலைங்கிறான். கட்டெறும்பு கடிச்சாலும் தெரியலைங்கிறான். பெறகு எரியுதுன்னா எப்படி? இவன் பொண்டாட்டி அன்னக்கொடி வேலைவெட்டிக்குப் போகாம இவன் காலுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே உக்காந்திருக்கா. அவளைப் பக்கத்துலயே வச்சுக்கிறதுக்கு நடிக்கிறான்னு ஊரே சிரிச்சுச்சு."

"அதுக்கு?"

"எங்க பக்கம் ஒருத்தன் பேச்சுல சந்தேகம் வந்தா, கருப்பன் கோயில்ல சூடத்தை ஏத்தி, கையால அணைச்சுச் சத்தியம் பண்ணணும். இவன் எரியுதுங்கிறது கால்தான, கால்லயே வைப்போம்னு சொன்னேன். பாத்தான்னா நடிச்சிருவான்ல, அதனால என் துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டுனேன். பங்காளிக அம்புட்டுப் பேரும் சுத்தி நின்னாங்க. கொளுத்தி வச்சுட்டு, இப்ப எப்படிடா இருக்குன்னு கேட்டேன். 'எப்பவும் போலத்தாண்ணே'ன்னான். சூடம் முழுசா எரிஞ்சு தீந்துச்சு, மொகத்துல ஒரு சுளிப்பு இல்லை. தீ வச்சதே தெரியாதவன் எரியுதுங்கிறது பொய்னு முடிவாகிப் போச்சு."

"அப்புறம்?"

"மாட்டுக் கொட்டத்துல கட்டிலைப் போட்டோம். அங்க அனத்துனா யாருக்கும் கேக்காதுன்னு." அவன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "பொய்தானம்மா? நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்கு மனசு ஆறிரும்."

ரெங்கம்மாள் ஓர் ஊசியை எடுத்துக் காசிமாயனின் பாதத்தில் குத்தினார். அவனுக்குத் தெரியவில்லை. முழங்காலில், தொடையில் குத்தினார். அப்போதும் தெரியவில்லை.

"பாத்தீங்களா?" என்றான் நல்லகாமன்.

"பாத்தேன். தொட்டா தெரியலைங்கிறதும் நிஜம், எரியுதுங்கிறதும் நிஜம்." நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இதையெல்லாம் விளக்கிச் சொல்வதென்றால் அவருக்கு வெளியே காத்திருக்கும் கூட்டம் கூட மறந்துவிடும். "டீக்கடையில ரேடியோ கேப்பியா? ஸ்டேஷன் எடுக்கலைன்னா என்ன பண்ணுவாங்க?"

"சவுண்டைக் கூட்டுவாங்க."

"கூட்டுனா?"

"கொர்ருனு இரையும்."

"அதேதான். முதுகுத்தண்டுக்குள்ள நரம்பு அணுக்கள் இருக்கு. கால் என்ன சொல்லுதுன்னு கேட்டு மூளைக்குச் சொல்றதுதான் அதுக்கு வேலை. உன் தம்பிக்கு நடுவுல அறுந்துபோச்சு. கீழயிருந்து சேதி வரலை. முறிவுக்கு மேல இருக்கிற அணுக்கள் சும்மா இருக்குமா? ஒண்ணும் கேக்கலையேன்னு தானே சவுண்டைக் கூட்டிக்கும். நாளாக நாளாக அதோட குணமே மாறிப்போயிடும். யாரும் எதுவும் சொல்லாமலே தானா இரைய ஆரம்பிக்கும். மூளைக்கு அந்த இரைச்சல்தான் கேக்குது. காலுல தீப்பிடிச்சிருக்குன்னு அது நினைச்சுக்குது."

"அப்ப தீ கால்ல இல்லையாம்மா?"

"இல்லை. அதனாலதான் தண்ணி ஊத்துனாலும் அணையலை, சூடம் வச்சாலும் கூடலை. ஆனா வலி உனக்கும் எனக்கும் வர்ற வலி மாதிரியேதான். வலிப்புக்குக் குடுக்கிற மாத்திரை ஒண்ணு தரேன். இரைச்சலைக் கொஞ்சம் அடக்கும். முழுசா நிக்கும்னு சொல்ல மாட்டேன்."

நல்லகாமன் மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்தான். கோயிலில் அத்தனை பேருக்கு முன்னால் 'பாத்தீங்களாய்யா, புளுகன்' என்று உரக்கச் சொன்னது அவன் குரல்தான். அதற்குப் பிறகு காசிமாயன் வாய் திறந்து எரியுது என்று சொன்னதே இல்லை. அடங்கிவிட்டான் என்று வீட்டில் எல்லோரிடமும் பெருமை பேசியதும் அவன்தான்.

ரெங்கம்மாள் மருந்து எடுக்க உள்ளே போனார். நல்லகாமன் தம்பியின் தலைமாட்டில் போய் நின்றான். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இன்னைக்கே வீட்டுக்குள்ள கட்டிலைப் போட்டுர்றேண்டா" என்றான். காசிமாயனின் கண் விசிறியிலேயே இருந்தது.

"எனக்கு ஒரே ஒரு ஆறுதல்தான். கூடப் பொறந்தவனே உன் கால்ல தீ வச்சதை நீ கண்ணால பாக்கலை."

காசிமாயன் விசிறியிலிருந்து பார்வையை எடுத்து அண்ணனைப் பார்த்தான்.

"பாத்தேண்ணே. நீ கட்டுனது இத்துப்போன துண்டு, நீ குச்சி உரசுனதுலருந்து அம்புட்டும் தெரிஞ்சுச்சு. ஒரு கத்து கத்தியிருந்தா எல்லாரும் நம்பியிருப்பீங்க, ஆனா கருப்பனுக்கு முன்னாடி எப்படிண்ணே பொய் சொல்றது?"