சகாயத்தின் கை

ரோசலினின் டாக்ஸி எஞ்சினில் மெக்கானிக் சகாயம் போல்ட்டை இறுக்கும்போது துளையின் திருகுமரை அழிந்துவிட்டது. துளையை அகலமாக்கி, புது மரை வெட்டி, போல்ட் பிடிக்க அதற்குள் ஒரு கம்பிச்சுருளைத் திருகி இறக்கினான். இதுவும் போனால் எஞ்சின் பிளாக் பழைய இரும்புக்குத்தான் ஆகும். அவளுக்கு வேறு பிழைப்பில்லை.

"மூச்ச விடுங்கண்ணே. நீங்க சாஞ்சுட்டா யாரு முடிப்பா?" என்றாள் பக்கத்தில் நின்ற ரோசலின்.

போல்ட் மெல்ல உள்ளே போனது. இறுக இறுக ஸ்பேனர் கனத்தது. புது மரை வழுக்கவில்லை, பிடித்துக்கொண்டது. ஆனாலும் இறுகியதோடு விட்டுப் பழகாத அவன் கை இன்னொரு இழுப்பு கேட்டது. முதலில் மரையைத் தின்றதும் அந்த இழுப்புதான்.

ஸ்பேனரைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

"இதக் கொஞ்சம் தூரமாக் கொண்டுபோய் வச்சுடும்மா."

அவள் சிரித்துக்கொண்டே தெருவுக்கே கொண்டுபோனாள்.