மாப்பிள்ளையின் மியூசியம் வேலை

"மாப்பிள்ளைக்கு வேலை இருக்குங்கிறதை இன்னைக்கு என் கண்ணால பாக்கணும். இல்லேன்னா நீ என்கூடக் கிளம்பு" என்று மகளிடம் கறாராகச் சொல்லிவிட்டுத்தான் மாமனார் மியூசியத்துக்குள் நுழைந்தார்.

புதிதாகத் தோண்டியெடுத்த ஆதிமனித எலும்புகள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தன. அந்த ஆள் உயிரோடு எப்படி இருந்திருப்பான் என்று காட்ட, பக்கத்திலேயே உடம்பெல்லாம் ரோமத்துடன் ஓர் உருவம் முதுகை வளைத்து நின்றது.

"எங்கேம்மா உன் புருஷன்?"

"இங்கதான்ப்பா இருக்காரு" என்றாள் மகள், தரையைப் பார்த்தபடி.

"இருந்து கிழிச்சான். இருபது லட்சம் வருஷத்துக்கு முந்தி இருந்த இவனே வேட்டைக்குப் போய்ப் பொண்டாட்டிக்குச் சோறு போட்டிருக்கான்" என்று அந்த உருவத்தின் தாடியைப் பிடித்து இழுத்தார்.

உருவம் உதடு அசையாமல் சொன்னது:

"கையை எடுங்க மாமா. டியூட்டில இருக்கேன்."