தொட்டிச் செடியில் ஒரு தக்காளி

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, "சாமி, இந்தச் செடியில தக்காளி காய்க்கணும்" என்று மகள் தினமும் கண்ணை மூடி நிற்பாள். விதை போட்ட அப்பா தினமும் அதைக் கேட்டார். குழந்தையின் நம்பிக்கை பொய்த்துவிடக் கூடாதே! கடைத் தக்காளி ஒன்றை வாங்கி, விடியும் முன்பே செடியில் நூலால் கட்டிவிட்டார்.

காலையில் மகள் துள்ளிக் குதித்தாள்.

"பார்த்தியா அப்பாவோட கைராசியை!" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

மகள் சமையலறைக்கு ஓடினாள். அவள் கிசுகிசுத்தது மாடிப்படி வரை கேட்டது.

"அம்மா, சாமி அப்பா மானத்தைக் காப்பாத்திருச்சு!"

"என்னடி சொல்றே?"

"அப்பா தக்காளின்னு நெனச்சு வளர்க்கிறது மிளகாய்ச் செடின்னு நீதானே சொன்னே? தெரிஞ்சா பாவம், முகம் வாடிடும்னுதான் தினமும் வேண்டிக்கிட்டேன். அதுலயே தக்காளி காய்ச்சிருச்சும்மா!"