மாமன் மடி

காதுகுத்துக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் இளம்பரிதியை மட்டும் காணோம். ஆதரவற்ற குழந்தைகளுக்காக நிதி திரட்டும் ஓட்டத்துக்குப் போயிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் அவனுடைய ஷூக்கள் மட்டும் படியேறி வந்தன. கட்டிய முடிச்சு அவிழவே இல்லை. நேராக மணைப்பலகைமேல் ஏறி நின்றன.

"செருப்பெல்லாம் என்மேல ஏறக்கூடாது. அவன் எங்கே?" என்றது பலகை.

"இன்னும் ஓடிக்கிட்டிருக்கான். பேர் வைக்கிற அன்னைக்கும் ஓட்டம்தான். இந்தத் தடவை எங்களை அனுப்பிட்டான்."

"உங்களுக்கு ஏது மடி?"



ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை தானாகவே நடந்துவந்து, ஷூக்களுக்கு மேலே வெறும் காற்றில் உட்கார்ந்தது. விழவில்லை.

"அம்மா, மாமா மடி ஜில்லுனு இருக்கு" என்றது.