ஏழாம் பாகத்தில் இல்லாதவள்

மானிப்பாய் வாசிகசாலை மேசையில் மாயக் கிணற்றுக் கதையின் ஏழு பாகங்களும் சாய்வெயிலில் கிடக்கின்றன. பெயர், பாடசாலை, வகுப்பு சொன்ன பிறகே ஒவ்வொருவரும் கருத்துச் சொல்கிறார்கள். வாசிப்புக் கூட்டத்தை நடத்தும் கோபிசங்கர் அவற்றைக் கொப்பியில் எழுதுகிறான். "கடைசிப் பாகம்தான் திறம்," என்கிறாள் ஒருத்தி. படிப்பை நிறுத்திய சாருஜாவைத் தாண்டி முறை அடுத்த கதிரைக்குப் போகிறது. காது மடல் கொதிக்க அவள் எழும்புகிறாள்.

"நான் இன்னும் கதைக்கேல்லை."

"எந்தப் பள்ளிக்கூடம், தங்கச்சி?" என்கிறான் கோபிசங்கர்.

பின்னால் யாரோ சிரிக்கிறார்கள்.

"கயிறு பிடிச்சுப் பிள்ளையளைக் கிணத்துக்குள்ளை இறக்கினவள் கதையிலை வாற அந்த வேலைக்காரப் பெட்டை. ஏழாம் பாகத்திலை அவளின்ரை பேர்கூட இல்லை. ஒருத்தரும் தேடேல்லை. உந்தப் பாகத்தையோ திறம் எண்டுறியள்?"

கோபிசங்கரின் பேனை அசையவில்லை.

"பேர் சாருஜா, பள்ளிக்கூடம் இல்லை எண்டே எழுதுங்கோ அண்ணை. ஆனால் எழுதுங்கோ."