தட்டில் வைத்த போன்

விலையைச் சபையில் சொல்லிவிட்டார்கள்.

கோகிலாவின் அப்பாவுக்கு முதுகு இன்னும் நிமிர்ந்தது.

மகளின் நிச்சயதார்த்தம். மண்டபம் நிறையச் சொந்தம். புடவைத் தட்டுக்கும் பழத்தட்டுக்கும் வாய் திறக்காத மாப்பிள்ளையின் பெரியப்பா, போன் இருந்த தட்டை மட்டும் இரு கையாலும் தூக்கிக் காட்டினார்.

“எண்பதாயிரம் ரூபா போனு! கம்பெனில நாளெல்லாம் தொட்டுக்கிட்டுதான இருக்க? சொந்தமா ஒண்ணு வச்சுக்க முடிஞ்சுதா? எங்க வீட்டுக்கு வர்ற ராசி. வாங்கிக்கம்மா.”

சிலர் சிரித்தார்கள்.

கோகிலா அந்தப் போன்களின் பாகங்களைப் பூட்டிச் சேர்க்கிற தொழிற்சாலையில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். அவள் சம்பளத்தில்தான் வீட்டின் ஓடு மாறித் தளம் போட்டது. அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை.

பெரியப்பாவுக்குச் சொல்ல அவரிடம் பதில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோற்றில் கை வைத்துக்கொண்டே மகள் சொன்னது. உள்ளே இருக்கும் சாமான் மொத்தமும் முப்பதாயிரம் பெறும். மீதியில் வரி, விளம்பரம், கடைக்காரர் பங்கு. எல்லாம் போக, பெரிய தொகையாக நிற்பது போனின் முதுகில் பொறித்த கம்பெனிப் பெயருக்கு.

“பூட்டுற கைக்கு?” என்று கேட்டிருந்தார்.

“எங்க லைன் மொத்தத்துக்கும் சேத்து, ஒரு போனுக்கு ஐந்நூறு தேறாதுப்பா.” சிரித்துவிட்டு மோர் கேட்டாள்.



இப்போது அதை உரக்கச் சொன்னால் போதும். எண்பதாயிரம் அந்தத் தட்டிலேயே சுருங்கிவிடும்.

நிச்சயமும் அதோடு நின்றுவிடும்.

துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

சபை அவர் பக்கம் திரும்பியது.

கோகிலா அப்பாவைப் பார்த்தாள். பிறகு தட்டிலிருந்து போனை எடுத்தாள். விளிம்பைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை மெல்லக் குனிந்தான்.

“இதுல நீ பண்றது எது?”

“கேமராவ உக்கார வைக்கிறது. ஒரு தூசி உள்ள போனாலும் திருப்பி எங்கிட்டதான் வரும்.”

அவன் போனை வாங்கிப் பார்த்தான். கண்ணாடி வளையத்தின் மேல் அவன் விரல் பதிந்துவிட்டது.

பதறிப்போனான். புது வேட்டியின் நுனியை இழுத்து, வாயால் ஊதி ஊதித் துடைத்தான்.

கோகிலா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடக்கிய சிரிப்பில் தோள் குலுங்கியது.

மாப்பிள்ளை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சபை காத்திருந்தது.

“எங்க தட்டுக்கு வெல சொல்ற பழக்கம் இல்லீங்க, சம்பந்தி,” என்றார். “தட்ட மாத்திக்கலாம்.”