எட்டுக்கு முப்பத்தொன்பது

முதலில் தப்பு செய்தவன் பல்லாவரம் துரைராஜ். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், அவனும் துளசிங்கமும் பல்லாவரத்தில் ஒரே ஷெட்டில் ஜீப் மெக்கானிக்காக இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை, சந்தைக்கு வந்த கூட்டத்தில் பாதி வாசலில் நிற்கையில் அவன் சொன்னான்: "முன் ஆக்ஸில் வேலையத் துளசிங்கத்துக்கிட்ட குடுக்காதீங்க. அவனுக்குக் கியர்ப் பல்லு எண்ணத் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்தவர்கூட கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

துளசிங்கம் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அதனால் அந்தச் சொல் இன்னும் ஆழமாக இறங்கியது. அன்றைக்கே ஸ்பானர்களை மூட்டை கட்டிக்கொண்டு செம்பாக்கம் ஏரிப் பக்கம் வந்து தனி ஷெட் போட்டார். பிறகு பல்லாவரத்தில் கால் வைக்கவில்லை.

ஊர் முன்னால் சொன்னதை ஊர் முன்னாலேயே அவன் திரும்ப வாங்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு ஜீப் வந்தது. ஓட்டி வந்தவள் கானத்தூர் குப்பத்துப் பச்சையம்மா. மணலில் படகு இழுக்கிற வண்டி. சக்கரம் புதைகிறதே என்று பெரிய டயராக மாட்டியிருந்தாள்.

"டயரு பெருசானதும் இழுப்பே பூட்ச்சுண்ணா. படகக் கட்னா மூச்சு வாங்கிகினு நிக்குது. ஆக்ஸில்ல கீற கிரவுன் பினியன், அந்தப் பல்லுச் சக்கர ஜோடிய மாத்தணும்னாங்க. பின்னாடி பல்லாவரத்துல துரைராஜண்ணன் மாத்திட்டாரு. முன்னாடி..."

"யாரு? துரைராஜா?"

துளசிங்கத்தின் காது அதோடு அடைத்துக்கொண்டது.

"அவுரு இன்னா சொன்னாருன்னா..."

"அவன் சொன்னத இங்க சொல்லாதம்மா. வண்டி சொல்லட்டும்."

உள்ளே எட்டிப் பார்த்தார். நாலு சக்கரத்துக்கும் இழுப்பைக் கொடுக்கிற லிவர் சிவப்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"பாரு, வேலை செஞ்ச லட்சணத்த! லிவரு நிக்கலன்னு கயித்தால கட்டி வெச்சிகீறான்."

"இல்லண்ணா, அது..."

"நீ அந்தப் பக்கத்துச் சக்கரத்தப் புடிம்மா."

பின் சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, நடுவில் ஓடும் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். இருவரும் சேர்ந்து சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினார்கள். கோடு ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. பினியனில் எட்டுப் பல், கிரவுனில் முப்பத்தொன்பது. இந்த டயருக்கு அதுதான் சரி. சும்மா சொல்லக்கூடாது.

முன் சக்கரங்களைத் தூக்கிச் சுற்றினார்கள். நாலு சுற்றோடு கோடு ஏறக்குறைய நின்றுவிட்டது. பழைய செட். பத்துக்கு நாற்பத்தொன்று.

துளசிங்கம் எழுந்து நின்றார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இப்படி நாலு சக்கரத்தையும் ஓடவிட்டால் முன்னும் பின்னும் மல்லுக்கட்டி, ஏதாவது ஒன்று உடைந்துதான் ஓயும்.

ஒன்பது வருடம் காத்திருந்தது வீண் போகவில்லை.

செல்போனை எடுத்தார். தாம்பரம் முதல் பல்லாவரம் வரைக்கும் உள்ள மெக்கானிக்குகள் நூற்றறுபது பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழு. எழுதத்தான் வராது. பேச நன்றாக வரும்.

"அண்ணமாருங்களே, துளசிங்கம் பேசறேன். பல்லாவரத்துல ஒரு பெரிய மெக்கானிக் கீறாரு, பேரு துரைராஜ். பின்னாடி எட்டுக்கு முப்பத்தொன்பது போட்டுகீறாரு. முன்னாடி பழசு அப்டியே கீது. யாருக்குப் பல்லு எண்ணத் தெரியலன்னு நீங்களே சொல்லுங்க!"

சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. "யாராச்சும் கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா" என்றான் ஒருவன்.

கொஞ்ச நேரத்தில் துரைராஜின் குரலே வந்தது. அதில் கோபம் இல்லை.

"ஆமாம்பா, என் தப்புதான். முன்னாடி மாத்த மறந்துட்டேன். துளசிங்கம் கண்ல பட்டதால வண்டி தப்பிச்சுது."

துளசிங்கம் அதை மூன்று தடவை கேட்டார். நாலாவது தடவை சத்தத்தைக் கூட்டிப் பச்சையம்மாவுக்குப் போட்டுக் காட்டினார்.

"கேட்டியாம்மா? அவன் வாயாலயே!"

பச்சையம்மா சிரிக்கவில்லை. ஜீப்பின் பின்பக்கம் போய், சீட்டுக்கு அடியிலிருந்து கோணியில் சுற்றிய ஒன்றை மாரோடு அணைத்துத் தூக்கி வந்து அவர் காலடியில் வைத்துப் பிரித்தாள். எண்ணெய் பூசிய புத்தம்புது கிரவுன், பினியன்.

"வந்ததுலேர்ந்து நீ சொல்லவே வுடலியேண்ணா. முன்னாடிக்கு வாங்கனது இது. எட்டும் முப்பத்தொன்பதும். துரைராஜண்ணன் ரெண்டு வாட்டி எண்ணிக் குடுத்தாரு. இங்க வந்து சேர்ற வரைக்கும் நான் தெரியாம லிவரப் போட்றக் கூடாதுன்னு அவருதான் கயிறு கட்னாரு. 'முன் ஆக்ஸிலத் துளசிங்கத்துக்கிட்டதான் குடுக்கணும், அந்தக் கை எனக்குக் கெடையாது'ன்னாரு."

துளசிங்கம் லிவரில் கட்டியிருந்த கயிற்றைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப... இன்னாத்துக்கு மறந்துட்டேன்னு ஒத்துகினான்?"

"இல்லன்னா இந்நேரம் அத்தினி பேரும் உன்னப் பாத்துல்ல சிரிச்சிகினு இருப்பாங்க?"

சிரிக்கிற பொம்மைகள் இன்னும் வந்துகொண்டிருந்தன. துளசிங்கம் பேசுகிற பொத்தானில் கட்டைவிரலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். நூற்றறுபது பேர் முன்னால் சொன்னதைத் திரும்ப வாங்க வாய் வரவில்லை.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, புது கிரவுனின் பல்லை எண்ண ஆரம்பித்தார். இருபதைத் தாண்டியதும் கண்ணை நீர் மறைத்தது. எண்ணிக்கை தப்பியது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.

அந்த வெள்ளிக்கிழமை சொன்ன சொல்லைத் துரைராஜ் ஊர் முன்னால் இன்றுவரை திரும்ப வாங்கவில்லை. அந்தப் பாக்கி அப்படியேதான் நிற்கிறது. அதைப் போய்க் கேட்கிற முகம்தான் துளசிங்கத்திடம் இல்லை.